காமன் பொட்டலில் ரோமாபுரி

ரோமாபுரியை நான் முதலில் பார்த்தது கந்தப்பளையில், ஒரு பலசரக்குக் கடையில், பருப்புச் சுற்றித் தந்த காகிதத்தில். வட்டமான ஒரு பெரிய கட்டடம். நடுவில் மணல். மணலில் இரண்டு பேர். ஒருவன் கையில் வாளும் கேடயமும், தலையை முழுதாக மூடிய இரும்புத் தொப்பியும். மற்றவன் உடம்பில் துணி என்று சொல்லக்கூடியது இடுப்பில் மட்டும். அவன் கையில் ஒரு வலையும் மூன்று முனை ஈட்டியும் இருந்தன. மீன் பிடிக்கப் போனவன் வழிதவறிச் சண்டைக்குள் வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பருப்பைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு, கடை வாசலிலேயே காகிதத்தை விரித்துப் படித்தேன்.

கடை முதலாளி முஸ்லிம். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுக்க அவரை நானா என்றுதான் கூப்பிடும். அந்தக் காகிதத்தின் மிச்சம் எங்கே என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. தோட்டத்தை நிர்வகித்த எங்கள் பழைய துரை சீமைக்குப் போனபோது பங்களாவில் இருந்த புத்தகங்களைக் கழிவுக் காகிதமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அதில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இப்போது நானாவின் கல்லாப் பக்கத்தில் பாதி உடம்போடு கிடந்தது. முன்பாதி ராஜாக்களெல்லாம் செத்தல் மிளகாயோடு சனம் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்விட்டார்கள் என்றார். மிச்சத்தை இரண்டு கைகளாலும் தூக்கி என்னிடம் தந்து, "வாத்தியாரு படிச்சா அதுக்கும் ஒரு மரியாதை" என்றார்.

வாத்தியார் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். நான் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து வரை முட்டி மோதிப் படித்து, பிறந்த தோட்டத்துக்கே உதவி ஆசிரியராக வந்தவன். வயது இருபத்துமூன்று. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். சம்பளம் தருவது தோட்டம், வேலையில் வைத்திருப்பது துரை. இந்த இரண்டையும் நான் ஒரு நாளும் மறந்ததில்லை. கோபம் மட்டும் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அதை யார்மேல் காட்டினால் ஆபத்தில்லை என்பதிலும் நான் கெட்டிக்காரன்.

புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். படிக்கப் படிக்க மலைப்பு ஏறிக்கொண்டே போனது. அந்தச் சண்டைக்காரர்களுக்கு கிளாடியேட்டர்கள் என்று பெயர். பெரும்பாலும் அடிமைகள், போரில் பிடிபட்டவர்கள், தண்டனை பெற்றவர்கள். தாங்களாகவே வந்து சேர்ந்தவர்களும் உண்டு என்று இருந்தது. அந்த வரியை நம்பாமல் இரண்டு தரம் படித்தேன். அவர்களுக்கென்று பள்ளிக்கூடம் இருந்ததாம். அங்கே ஒரு கட்டையை நட்டு வைத்து, மரவாளால் அதை நாள் முழுவதும் வெட்டிப் பழக வேண்டும். சாப்பாடு வாற்கோதுமைக் கஞ்சியும் அவரையும். எரித்தாலும் கட்டினாலும் அடித்தாலும் பொறுத்துக்கொள்வேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். ஆனால் காயம் பட்டால் வைத்தியம் பார்க்க நல்ல வைத்தியர்கள் இருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் மருந்துக்காரர் ஒருவர்தான், அவர் எல்லா வருத்தத்துக்கும் ஒரே கலவையைத்தான் தருவார் என்பதால், அந்த விஷயத்தில் ரோமாபுரி மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது.

சண்டை முறை இன்னும் விசித்திரம். ஒரே மாதிரி இரண்டு பேரை மோத விடுவதில்லை. வலைக்காரனுக்குக் கேடயம் கிடையாது, ஆனால் ஓட முடியும். வாள்காரனுக்கு இரும்புத் தொப்பியும் பெரிய கேடயமும் உண்டு, ஆனால் தொப்பியில் கண்ணுக்கு இரண்டே இரண்டு சின்ன ஓட்டை, மூச்சு விடவும் சிரமம். ஒருவனுடைய பலம்தான் மற்றவனுடைய பலவீனம். பக்கத்தில் கம்போடு நடுவர் நிற்பார். எல்லாச் சண்டையும் சாவில் முடிந்ததில்லை என்றும் போட்டிருந்தது. தோற்றவன் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஒரு விரலை உயர்த்துவான். ஆயிரக்கணக்கான சனம் கத்தும், விடு என்றோ கொல் என்றோ. விளையாட்டை நடத்துகிற பெரிய மனிதன் சனத்தின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான். நன்றாகச் சண்டை போட்டுப் பல ஆண்டுகள் உயிரோடு மிஞ்சியவனுக்கு, ஒரு நாள் எல்லோர் முன்னாலும் ஒரு மரவாள் கொடுப்பார்கள். அதை வாங்கிய நிமிஷத்திலிருந்து அவனுக்கு அந்த மணலில் எந்தக் கடமையும் இல்லை.

இரும்பு வாளால் சண்டை போட்டவனுக்கு மரவாள்தான் விடுதலை. இந்த இடத்தைப் படித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். எப்பேர்ப்பட்ட சனம், எப்பேர்ப்பட்ட கொடுமை, அதற்குள்ளே எப்படி இப்படி ஒரு வழக்கம் முளைத்தது என்று ஆச்சரியம் அடங்கவில்லை.

என்னால் எதையும் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. வேலை முடிந்த பின் பள்ளிக்கூடத்துக்கு வரும் வாலிபர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டவர்களில் முதல் ஆள் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியை மட்டமாக நறுக்கிவிடும் வேலையில், அவருக்கு நிகராக எங்கள் தோட்டத்தில் ஆள் இல்லை. ஒரே வீச்சில் கொப்பு சரிவாக விழும், வெட்டுவாயில் பிசிறு இருக்காது. பேச்சு குறைவு. மணிக்கட்டு மட்டும் என் கணுக்கால் தடிமன். கோயில் திருவிழாவுக்கு இதையே நாடகமாகப் போடலாம் என்று நான் சொன்னதும், வாள்காரன் வேஷம் யாருக்கு என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவன் சாமி முன்னால் கையில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். காப்புக் கட்டியவன் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும் வரை விரதம் இருக்க வேண்டும், தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. காமன் கூத்துக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டை ரோமாபுரி நாடகத்துக்கும் கோயில் தலைவர் அப்படியே போட்டார். அண்ணனும், வலைக்காரன் வேஷம் ஏற்ற இன்னொரு கவ்வாத்துக்காரரும் ஒரு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் மேல் ரோட்டின் வளைவில் நின்றால் கீழே கவ்வாத்து மலை கையெட்டும் தூரத்தில் தெரியும். அண்ணனோடு எட்டுப் பேர் வரிசையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஓர் அம்மா வெட்டி விழுந்த குச்சிகளை, நாங்கள் மிலாறு என்போம், விறகுக்காகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்டாக்கு வந்தார். மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் மேலதிகாரி அவர். அண்ணன் வெட்டிய செடியைக் காட்டி, அளவுக்குக் கீழே போய்விட்டது என்றார். அண்ணன் அளவுகோலை எடுத்து வைத்துக் காட்டினார். அளவு சரியாகத்தான் இருந்தது. கண்டாக்குக்கு அதுதான் பொறுக்கவில்லை. செத்துப்போன என் பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். அண்ணன் கையிலிருந்த கவ்வாத்துக் கத்தியைக் குனிந்து மண்ணில் குத்தினார். பிறகு நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கண்டாக்கின் முகத்தைப் பார்த்தார். நடந்தது அவ்வளவுதான்.

கண்டாக்கு ஆபீசில் எழுதிக் கொடுத்தது வேறு. வேலைக்காரன் கத்தியை ஓங்கினான் என்று எழுதினார். அன்று பின்னேரமே அண்ணனின் பேரை வெட்டிவிட்டார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டும் போவதில்லை, லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போய்விடும். கத்தி ஓங்கியவன் என்று ஆபீஸ் புத்தகத்தில் ஏறிவிட்டால் நானுஓயா முதல் பட்டிப்பொல வரை எந்தத் தோட்டமும் பேர் பதியாது. பாட்டன் விட்டுவந்த இந்தியாவில் அவருக்குத் தெரிந்த ஊர் ஒன்றும் இல்லை. இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு எந்த அரசாங்கக் கந்தோரில் கிடக்கிறது என்றும் தெரியாது. அண்ணிக்கு அப்போது ஆறு மாதம், இடுப்பில் மூன்று வயதுப் பெண் பிள்ளை.

மிலாறு பொறுக்கிய அம்மாவோடு, பார்த்த எட்டுப் பேரும் வாயைத் திறக்கவில்லை. சாட்சி சொன்னால் அடுத்த பேர் தங்களுடையது என்று அவர்களுக்குத் தெரியும். தொழிற்சங்கத்து ஆள் வந்து கேட்டபோதுகூட, குனிந்து வெட்டிக்கொண்டிருந்தோம், கவனிக்கவில்லை என்றார்கள். நானும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சாட்சி சொன்ன வாத்தியாரைத் துரை வைத்திருப்பாரா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். மறுநாள் யோசிப்பதை விட்டுவிட்டு நாடகம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்த சக்கரவர்த்தியைப் பக்கம் பக்கமாக ஏசினேன். அவரால் என் பேரை வெட்ட முடியாதல்லவா.

அண்ணனை உடனே வெளியேற்ற விடாமல் தடுத்தது அந்தக் காப்புத்தான். காப்புக் கட்டியவனை எல்லை தாண்டி அனுப்பினால் தோட்டத்துக்கு ஆகாது என்று கோயில் தலைவர் துரையிடம் நேரே போய்ச் சொன்னார். துரை சாமி விஷயத்தில் தலையிடாதவர். சரி, திருவிழா முடியட்டும், திங்கட்கிழமை காலையில் காம்பராவின் சாவி ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்றார். பன்னிரண்டு நாள் கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் அண்ணன் ஒத்திகைக்கு ஒரு நாள் தவறவில்லை. ஒரு நாள் என்னிடம், "தம்பி, இவன் எப்புடிடா நிப்பான்? சண்டைக்கு முன்னால?" என்று கேட்டார். சனத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்பான் என்றேன். அதையே திரும்பத் திரும்ப நின்று பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமான்களைத் தோட்டமே கொடுத்தது. கேடயம், தேயிலைப் பெட்டியின் பலகை. உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாளை வெளிப்பக்கம் திருப்பியதும் வெயிலில் கண் கூசியது. இரும்புத் தொப்பி, ஓட்டை விழுந்த வாளி. வலை, சாக்கைப் பிரித்த சணலில் பின்னியது. மரவாளை ஆபீசில் தச்சு வேலைக்கு வரும் சிங்கள பாஸ், டர்பன்டைன் மரத்தில் இழைத்துத் தந்தார். கதையைக் கேட்டுவிட்டுக் கூலியே வேண்டாம் என்றார். மூன்று முனை ஈட்டிதான் கஷ்டம். கோயில் சூலத்தைக் கேட்டேன், தலைவர் அடிக்கவே வந்துவிட்டார். தகரத்தில் வெட்டிச் செய்தோம்.

சக்கரவர்த்தி வேஷம் தோட்டத்து டோபிக்கு. நல்ல குரல், நல்ல உயரம். சிவப்பு மேசை விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டதும் அசல் ராஜாதான். புத்தகத்தில் தோற்றவனை மன்னிப்பது வேறு, மரவாள் கொடுப்பது வேறு. நாடகத்துக்கு வசதியாக நான் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தேன். வாள்காரன் வலையில் விழுவான். விரலை உயர்த்துவான். சனம் கேட்கும். சக்கரவர்த்தி மனம் இரங்கி மரவாளைக் கொடுத்து, போ, இனி நீ சுதந்திரன் என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காமன் பொட்டலில் நாடகம். மாசியில் காமனை எரிக்கும் மைதானம் அது. ஒரு பக்கம் தேயிலை மலை சரிந்து இறங்கும், சனம் அந்தச் சரிவில் செடி இடுக்குகளில் உட்கார்ந்துவிடும். நான் ஏறிட்டுப் பார்த்தபோது புத்தகத்தில் பார்த்த வட்டக் கட்டடம் அப்படியே எதிரே நின்றது. அவ்வளவு தலைகளை நான் அங்கே அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சனமும் வந்திருந்தது. துரைக்கு முன்வரிசையில் நாற்காலி, மாலை, எலுமிச்சம்பழம். பக்கத்தில் பெரிய கிளாக்கரும் கண்டாக்கும் நின்றார்கள். துரைக்கு நேர் எதிரே, பொட்டலின் மறு கோடியில், சக்கரவர்த்தியின் நாற்காலி.

முதல் குழப்பம் ஈட்டியால் வந்தது. வலைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததுமே முன்னால் இருந்த பெண்கள் சிவனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வில்லனாக நான் எழுதிய ஆள் சாமியாகிவிட்டான். வாளி மாட்டிய அண்ணன் வந்தபோது யாருக்கும் முகம் தெரியவில்லை, ஆனால் நின்ற நிலையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரிவு முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. நாளைக்குக் காம்பராவைக் காலி செய்யப் போகிறவன் இவன்தான் என்று பக்கத்துத் தோட்டத்துக்கும் தெரிந்திருந்தது.

சண்டையை நான்தான் எழுதினேன், ஒத்திகையில் இருபது தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று பார்த்தது நான் எழுதியது இல்லை. வலை வீசும்போது அண்ணன் ஒதுங்கிய வேகம், கேடயத்தின் ஈயத்தாள் பளீரென்று அடித்த வெளிச்சம், தகர ஈட்டி பலகையில் மோதிய சத்தம், வாளிக்குள்ளிருந்து வந்த மூச்சு. பிள்ளைகள்கூட அசையவில்லை. கடைசியில் வலை அவர்மேல் விழுந்தது. இரண்டு முறை புரண்டு எழப் பார்த்தார். பிறகு வாளைத் தள்ளி வைத்துவிட்டு, மண்டியிட்டு, வலைக்குள்ளிருந்து ஒரு விரலை உயர்த்தினார்.

இப்போது சக்கரவர்த்தி பேச வேண்டும். டோபி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. எதிரே துரை உட்கார்ந்திருக்கிறார். பங்களாத் துணி வெளுக்கும் மனிதர் அவர். துரை ரோட்டில் வந்தால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றே பழகியவர். ஒத்திகையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது, அதனால் எங்களுக்கு இது தோன்றவே இல்லை. துரையின் கண்ணுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவனுக்கு உயிர்ப்பிச்சை கொடுக்க அவரால் முடியவில்லை. எழுந்தார். கிரீடத்தைக் கழற்றினார். மரவாளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பொட்டலைக் கடந்து துரையின் முன்னால் போய்க் குனிந்து நின்றார்.

"தொரைகளே, நீங்க சொல்லணும். விடணுமா, வேணாமா?"

நான் அங்கேயே செத்தேன் என்று நினைத்தேன். நாடகம் போச்சு, என் வேலையும் போச்சு. அப்போது சரிவிலிருந்து ஒரு பெண் குரல், "விட்டுருங்க தொரைகளே" என்றது. இன்னொன்று. பிறகு மலை முழுவதும் அதே சொல். அதை நான் எழுதியிருந்தேன், சனம் கேட்கும் என்று. ஆனால் இவர்கள் நாடகத்துக்காகக் கேட்கவில்லை. கண்டாக்கு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

துரை, என்ன கேட்கிறார்கள் என்று பெரிய கிளாக்கரிடம் விசாரித்தார். கேட்டதும் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் அவரும் ரோமாபுரியைப் படித்திருப்பார் போல. எழுந்து மரவாளை வாங்கி, பொட்டலின் நடுவுக்கு நடந்து போய், வலையை ஒரு கையால் விலக்கிவிட்டு, அண்ணனின் கையில் வாளைக் கொடுத்தார். மலை அதிர்ந்தது. காமன் கூத்தில் எரிந்த காமனுக்கு உயிர் வரும்போது எழும் குலவைச் சத்தம் இதற்கும் எழுந்தது. துரை நல்ல விளையாட்டு என்று கைதட்டிவிட்டுப் பங்களாவுக்குப் போனார்.

விளையாட்டு என்று நினைத்தது அவர் ஒருவர்தான். துரை கையால் கொடுத்தது கொடுத்ததுதான் என்று லயம் முழுவதும் தீர்மானமாகிவிட்டது. கட்டி வைத்திருந்த பானை சட்டிகளை அண்ணி அவிழ்த்துவிட்டார்.

திங்கட்கிழமை விடிகாலைப் பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடம். எனக்கு அங்கே வேலை இல்லை, ஆனாலும் போனேன். அண்ணன் காப்பை அவிழ்த்திருந்தார். கவ்வாத்துக் கத்தியோடு தன் பழைய இடத்தில் நின்றார். கண்டாக்கு அவரைப் பார்த்து, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்றார். அண்ணன் அசையவில்லை. கண்டாக்கு மற்ற பேர்களைக் கூப்பிட்டார். கூப்பிட்ட ஒருவரும் மலைக்கு நகரவில்லை. பெண்கள் கூடையைத் தூக்கவில்லை. கத்தலில்லை, கோஷமில்லை. பனிக்குள் எல்லோரும் சும்மா நின்றார்கள், அதுதான் பயமாக இருந்தது. துரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

கோயில் தலைவர் முன்னால் வந்து, நேற்றுத் துரைகள் கையாலேயே விடுதலை கொடுத்தீர்களே என்றார். துரைக்கு வேலைத் தமிழ் நன்றாக வரும், இந்த வழக்குக்கு அது போதவில்லை. சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். வாத்தியார் இங்கே வா, நீ மொழிபெயர் என்றார். போய் நின்றேன்.

துரை கோபப்படவில்லை. அமைதியாக என்னிடம் சொன்னார். மரவாள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். வாங்கியவன் அரங்கத்தை விட்டு வெளியே போகலாம் என்று அர்த்தம். நான் கொடுத்துவிட்டேன். அவன் போகலாம். அதைத் தமிழில் சொல் என்றார்.

நான் சொல்லவில்லை. அந்த மனிதர் சொன்னது சரி. ரோமாபுரியில் மரவாள் வாங்கியவன் வெளியே போகப் பாடுபட்டான், நாங்கள் உள்ளே இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். இது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. எழுதிய எனக்கே உறைக்கவில்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அந்த ஆத்திரத்தில் இங்கிலீஷும் வந்தது. விடுதலை வாங்கியவர்களில் சிலர் திரும்பிவந்து அதே இடத்தில் இருந்தார்கள் சார், போவதா இருப்பதா என்பது அவனுடைய இஷ்டம், அதற்குப் பேர்தான் விடுதலை, உங்கள் பங்களாவிலிருந்து வந்த புத்தகத்திலேயே இருக்கிறது என்றேன்.

துரை, சரி, கண்டாக்கிடம் மன்னிப்புக் கேட்டால் பேர் பதியச் சொல்கிறேன் என்றார். நான் சந்தோஷமாக அதைத் தமிழில் சொன்னேன். வரிசையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முடிந்தது என்றே நினைத்தேன்.

அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓர் அடி முன்னால் வந்தார். பொட்டலில் நின்றது போலவேதான் நின்றார்.

"நான் கத்தி ஓங்கல தொரைகளே. ஓங்குனதா எழுதியிருக்கு. அந்த எழுத்த வெட்டுங்க. வெட்டிட்டு என்னைய போகச் சொன்னாக்கூட போயிர்றேன்."

இதைவிடப் பெரிய ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கையில் வந்த காம்பராவை, வயிற்றுப் பிள்ளையோடு நிற்கும் மனைவியின் முன்னால், ஒரு வரிக்காகத் திருப்பிக் கொடுக்கிறார். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

துரை கண்டாக்கைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்து, யார் பார்த்தது என்று தமிழிலேயே கேட்டார்.

துரை இரண்டாம் தரம் கேட்டார். அப்போது வலைக்காரராக நடித்தவர், நேற்று அண்ணனை விழுத்தியவர், வரிசையை விட்டு வெளியே வந்தார். "ஓங்கலங்க தொரைகளே. மண்ணுல குத்துனாரு. நான் பக்கத்துல நின்னேன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன்: கத்தி ஓங்கப்படவில்லை என்று இவர் சொல்கிறார். இன்னொரு கவ்வாத்துக்காரர் வந்தார். இவரும் அப்படியே சொல்கிறார் என்றேன். மூன்றாவது ஆள் வந்தார். மிலாறு பொறுக்கும் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கண்டாக்கு பெரியம்மாவைச் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன். ஐந்தாவது ஆள், ஆறாவது ஆள். ஒவ்வொருவரும் முன்னால் வரும்போது தங்கள் காம்பராவை, பிள்ளைகளை, எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டுதான் வந்தார்கள். நான் ஆறு தரமும், இவர் சொல்கிறார் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நடுவில் பத்திரமாக நின்றேன்.

ஆறாவது ஆள் முடித்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை இல்லை அது. அடுத்து யார் என்று பார்த்தார், அவ்வளவுதான். நான் துரையின் பக்கம் திரும்பி, நானும் பார்த்தேன் சார், மேல் ரோட்டிலிருந்து, என்று இங்கிலீஷில் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னேன்.

துரை ஆபீஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். மோட்டார் சைக்கிளின் இருக்கைமேல் வைத்து, தன் பேனாவாலேயே அந்த வரியை வெட்டினார். பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்டாக்கிடம், பேர் கூப்பிடு என்றார். கண்டாக்கு கூப்பிட்டார். அண்ணன் ஆமாங்க என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். எங்கள் ஏழு பேரில் ஒருவர் பேரும் வெட்டப்படவில்லை.

அண்ணன் அதே காம்பராவில் வயதாகிச் செத்தார். இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும், எந்தம்பி வாத்தியாருதான் தொரை முன்னால மொத ஆளா வந்து சொன்னான், அவனப் பாத்துத்தான் மத்தவங்களுக்குத் தைரியம் வந்துச்சு என்றுதான் சொல்வார். அவருக்குத் தெரியாமல் இல்லை. எதிரே நின்று ஒவ்வொருவராகப் பார்த்தவர் அவர். நான் பக்கத்தில் இருக்கும்போதே அப்படிச் சொல்வார், நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணன் இப்போது இல்லை. எழுத்தை வெட்டித் திருத்த வேண்டியது என் முறை. நான் ஏழாவது ஆள்.